கல்லில் உறங்கிய கடல்: மேரி அன்னிங்கின் வாழ்வு

நுழையும் முன்

ஒருவர் அரிதின் முயன்று கண்டறிந்ததைப் பிறர் தம் பெயரால் உலகிற்கு அறிவிப்பதுண்டு. அறிவியல் வரலாற்றில் இத்தகைய நிகழ்வுகள் பல. வறுமையில் பிறந்து, பள்ளிக்கல்வியைப் பெரிதும் பெறாமல், கடலோரப் பாறைகளையே தம் பாடநூலாகக் கொண்ட ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடலோரத் தேடல்

இங்கிலாந்து நாட்டின் தென்கடற்கரையில், டார்செட் பகுதியில், லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. வார இறுதி நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் அங்குத் திரளாக வருவர். கையில் சிறு சுத்தியலும் தோளில் ஒரு பையுமாக, கடல் உள்வாங்கும் நேரத்தை முன்னரே அறிந்துகொண்டு, செங்குத்தான பாறைச்சரிவின் அடிவாரத்தில் குனிந்தவாறு நடப்பர். அவர்கள் தேடுவது சங்கும் சிப்பியும் அல்ல. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்குப் பரவியிருந்த வெப்பக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிரினங்களின் எச்சங்களையே அவர்கள் தேடுகின்றனர். அவை புதைபடிவங்கள் எனப்படும்.

இறந்த உயிரினம் கடலடிச் சேற்றில் புதைகிறது. அதன்மேல் சேறு அடுக்கடுக்காகப் படிந்து, நெடுங்காலத்தில் இறுகிப் பாறையாகிறது. மென்மையான தசை அழிந்துவிட, எலும்பும் ஓடும் கனிமங்கள் ஊறிக் கல்லாகின்றன. இவ்வாறு கல்லான உயிரினங்களுள் அம்மோனைட் என்பது பலரும் அறிந்த ஒன்று. இது கணவாய்க்கு உறவான ஓர் உயிரினம். சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்தது. இமயமலையில் தோன்றும் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள் பலவற்றில் காணப்படும் சுருள் வடிவம் அம்மோனைட்டின் தடமே. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியிலும் அம்மோனைட் படிவங்கள் கிடைக்கின்றன. முற்காலத்தில் அங்கும் கடல் இருந்தது என்பதற்கு அவை சான்றாக விளங்குகின்றன.

இன்று பலருக்கும் இன்பப் பொழுதுபோக்காக உள்ள இத்தேடலை, இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி வயிற்றுப்பாட்டிற்காக மேற்கொண்டாள். பிற்காலத்தில் அறிஞர் பலர் தேடிவந்து கண்ட மேரி அன்னிங்தான் அச்சிறுமி.

பிறப்பும் இளமையும்

மேரி அன்னிங் 1799ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் லைம் ரீஜிஸ் ஊரில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் அன்னிங் தச்சுத்தொழில் செய்தவர். அக்குடும்பத்தில் பிள்ளைகள் பலர் பிறந்தனர். எனினும் வளர்ந்து பெரியவர்களானோர் மேரியும் அவருடைய அண்ணன் ஜோசப்பும் மட்டுமே. மேரிக்கு முன் பிறந்த ஒரு பெண்குழந்தை ஆடையில் தீப்பற்றி இறந்தது. அக்குழந்தையின் பெயரும் மேரி என்பதே. இறந்த மகளின் பெயரையே பெற்றோர் புதிதாகப் பிறந்த மகளுக்கும் சூட்டினர்.

1800ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், அண்டை வீட்டுப் பெண் ஒருவர் குழந்தை மேரியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்த குதிரைக் காட்சியைக் காணச் சென்றார். திடீரென மழை பெய்யவே, அவரும் வேறு இரு பெண்களும் ஒரு மரத்தடியில் ஒதுங்கினர். அப்போது அம்மரத்தின்மீது இடி விழுந்தது. பெண்கள் மூவரும் உயிரிழந்தனர். உணர்வற்றுக் கிடந்த குழந்தையை வீட்டிற்குக் கொண்டுசென்று வெந்நீரில் இட்டபோது அது மீண்டும் மூச்சுவிட்டது. பிறந்த பதினைந்தாம் மாதத்தில் மேரி சாவின் வாயிலிலிருந்து மீண்டார்.

அக்காலத்தில் பிரான்சு நாட்டுடன் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் பயணம் மேற்கொள்ள இயலாத செல்வர்கள் தம் நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கே வந்து தங்கினர். தந்தை ரிச்சர்ட் பாறைகளிலிருந்து பெயர்த்தெடுத்த விந்தைக் கற்களைத் துடைத்து மெருகேற்றி, அவ்விருந்தினருக்கு விற்றார். சுருண்ட அம்மோனைட்டை ஊரார் பாம்புக்கல் என்று அழைத்தனர். அக்கற்கள் எவ்வாறு உண்டாயின என்பதை அவர்களுள் எவரும் அறிந்திலர். மேரியும் ஜோசப்பும் தந்தையுடன் சென்று, எந்தக் கல்லை எவ்வாறு தட்டினால் உடையாமல் பிரியும் என்பதைக் கற்றனர். எழுதவும் படிக்கவும் மேரி தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றுக்கொண்டார். அதற்கு மேற்பட்ட கல்வி அவருக்கு வாய்க்கவில்லை.

1810ஆம் ஆண்டில் தந்தை இறந்தார். பாறைச்சரிவிலிருந்து விழுந்ததனால் நலிந்திருந்த அவரைக் காசநோயும் பற்றியிருந்தது. அவர் விட்டுச்சென்றது கடன்சுமையே. அப்போது மேரிக்கு வயது 11. ஏழைகளுக்கு ஊரார் வழங்கும் உதவியைப் பெற்றே தாயும் மக்களும் வாழவேண்டியதாயிற்று. தந்தை கற்றுக்கொடுத்த கல் தேடும் தொழிலே மேரிக்கு எஞ்சிய ஊன்றுகோல்.

முதல் பெருங்கண்டுபிடிப்பு

1811ஆம் ஆண்டில் அண்ணன் ஜோசப், பாறையிடையே நீண்ட தாடையும் பெரிய கண்குழியும் கொண்ட ஒரு மண்டையோட்டைக் கண்டார். அதன் நீளம் ஏறத்தாழ 4 அடி. அது முதலையின் தலை என்றே பலரும் எண்ணினர். ஜோசப் வேறொரு தொழில் பழகிக்கொண்டிருந்தமையால், உடலின் எஞ்சிய பகுதியைத் தேடும் பொறுப்பு மேரியைச் சேர்ந்தது. அவர் பல மாதங்கள் பொறுமையுடன் காத்திருந்தார். மழையும் அலையும் பாறையை அரித்த பின்னர், 1812ஆம் ஆண்டில் முதுகெலும்பும் விலா எலும்புகளும் வெளிப்பட்டன. மேரி அவற்றைக் கண்டறிந்து, கூலியாள்களின் துணையுடன் வெட்டியெடுத்தார். அவ்விலங்கின் மொத்த நீளம் ஏறத்தாழ 17 அடி.

அது முதலையன்று, உலகில் எங்கும் இப்போது வாழாத ஒரு கடல்வாழ் ஊர்வன விலங்கு. மீன்போன்ற உடலும் துடுப்புப்போன்ற கால்களும் கொண்ட அவ்வகை விலங்கிற்குப் பின்னர் இக்தியோசார் என்னும் பெயர் வழங்கலாயிற்று. மீன்பல்லி என்பது அதன் பொருள். அப்படிவத்தை ஊர்ச் செல்வர் ஒருவர் ஏறத்தாழ 23 பவுண்டுக்கு வாங்கினார். அது லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1819ஆம் ஆண்டில் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அறுவை மருத்துவரான எவரார்ட் ஹோம் என்பார் 1814ஆம் ஆண்டு முதல் அதனைப் பற்றிக் கட்டுரைகள் பல எழுதினார். அக்கட்டுரைகளில் அதனைக் கண்டெடுத்த குடும்பத்தின் பெயர் ஓரிடத்திலும் இடம்பெறவில்லை.

கற்றல் வேட்கை

மேரியின் தொழில் எளியதன்று. புயலும் மழையும் மிகுந்த குளிர்காலமே அதற்கு ஏற்ற பருவம். அப்போதுதான் பாறைகள் சரிந்து புதிய படிவங்கள் வெளிப்படும். வெளிப்பட்டவற்றை விரைந்து எடுக்காவிடில் அடுத்த அலை அவற்றை அடித்துச் சென்றுவிடும். சரிந்த பாறையின் அருகிலேயே அடுத்த சரிவும் காத்திருக்கும். ஏறிவரும் கடலுக்கும் இறங்கிவரும் மலைக்கும் நடுவே கிடைத்த சில மணி நேரமே மேரியின் வேலைநேரம்.

இவ்வாறு உழைத்தும் வறுமை தீரவில்லை. ஓராண்டுக் காலம் விலைமதிப்புடைய படிவம் ஒன்றும் கிடைக்காமற்போகவே, வாடகை செலுத்துவதற்காக வீட்டுப் பொருள்களை விற்கும் நிலை நேர்ந்தது. அன்னிங் குடும்பத்தாரிடம் படிவங்கள் வாங்கிவந்த தாமஸ் பிர்ச் என்பார் இதனைக் கண்டு வருந்தினார். அவர் 1820ஆம் ஆண்டில் தம் சேகரிப்பு முழுவதையும் லண்டனில் ஏலம்விட்டார். அதனால் கிடைத்த 400 பவுண்டு அளவிலான தொகை அக்குடும்பத்தைக் காத்தது.

மேரி கற்களை விற்பதோடு நின்றுவிடவில்லை. புதைபடிவங்களைப் பற்றிய அறிவியல் கட்டுரைகளை இரவல் பெற்று, படங்கள் உட்பட அவற்றைத் தம் கையால் படியெடுத்தார். மீன்களையும் கணவாய்களையும் அறுத்து, அவற்றின் உள்ளுறுப்புகளைக் கல்லில் கண்டவற்றோடு ஒப்பிட்டார். அவ்வூரில் வாழ்ந்த எலிசபெத் ஃபில்பாட் என்னும் பெண்மணி மேரியைவிட வயதில் மிக மூத்தவர். புதைபடிவங்கள் சேகரிப்பதில் ஈடுபாடு உடையவர். அவர் மேரியின் உற்ற தோழியாகி, நூல்களைப் படிக்கவும் ஊக்கமூட்டினார். கணவாயைப் போன்ற பெலம்னைட் என்னும் தொல்லுயிரின் படிவத்தில் மைப்பை காய்ந்த நிலையில் இருப்பதை மேரி கண்டறிந்தார். ஃபில்பாட் அந்த உலர்ந்த மையை நீரில் குழைத்து, அதனைக் கொண்டே தொல்விலங்குகளின் படங்களை வரைந்தார்.

ஐயமும் வெற்றியும்

1823ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மேரியின் கண்களுக்கு மற்றொரு விந்தை புலப்பட்டது. சிறிய தலை, மிக நீண்ட கழுத்து, அகன்ற உடல், துடுப்பாக அமைந்த நான்கு கால்கள் ஆகியவற்றைக் கொண்ட முழுமையான எலும்புக்கூடு அது. பிளீசியோசாரஸ் என்னும் அவ்விலங்கின் உதிரி எலும்புகளை அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் முழு உருவத்தை அதுவரை எவரும் கண்டதில்லை. மேரி அதனைப் படமாக வரைந்து அனுப்பினார்.

பாரிஸ் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் கூவியே, விலங்குகளின் உடலமைப்பை ஆராய்வதில் அக்கால ஐரோப்பாவில் தலைசிறந்து விளங்கியவர். அவர் அப்படத்தைக் கண்டு ஐயுற்றார். மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்புகள் ஏழே. இவ்விலங்கிற்கோ அவை முப்பதுக்கும் மேற்பட்டிருந்தன. வெவ்வேறு விலங்குகளின் எலும்புகளை ஒட்டிப் போலியாக உருவாக்கியிருக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வையம் உறுதிப்பட்டிருந்தால் மேரியிடம் எவரும் எதனையும் வாங்கியிருக்கமாட்டார். அவருடைய தொழிலும் நற்பெயரும் ஒருங்கே அழிந்திருக்கும்.

1824ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லண்டன் நிலவியல் கழகத்தின் கூட்டத்தில் அறிஞர்கள் அப்படிவத்தைப் பற்றி ஆராய்ந்தனர். அது மெய்யானதே என்பது தெளிவாயிற்று. கூவியேவும் தம் ஐயம் தவறென ஒப்புக்கொண்டார். ஆனால் அக்கூட்டத்தில் மேரி இல்லை. பெண்களை அக்கழகம் உறுப்பினராகவோ விருந்தினராகவோ ஏற்பதில்லை. படிவத்தைப் பற்றி உரையாற்றிய வில்லியம் கானிபியர், அதனைக் கண்டெடுத்து, தூய்மைசெய்து, வரைந்தளித்த மேரியின் பெயரை அங்குக் கூறவில்லை.

தொடர்ந்த பணி

அதன் பின்னரும் மேரியின் தேடல் தொடர்ந்தது. 1826ஆம் ஆண்டில் கண்ணாடிச் சாளரம் அமைந்த ஒரு வீட்டை வாங்கி, அதில் புதைபடிவக் கடை நடத்தினார். 1828ஆம் ஆண்டில் டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வன விலங்கின் எலும்புகளைக் கண்டெடுத்தார். ஜெர்மனி நாட்டிற்கு வெளியே அவ்வகை விலங்கின் எலும்புக்கூடு கிடைத்தது அதுவே முதன்முறை.

இக்தியோசார் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் உருண்டையான கற்கள் கிடப்பதை மேரி பலமுறை கண்டிருந்தார். அவற்றை உடைத்துப் பார்த்தபோது மீன் செதில்களும் சிறு எலும்புகளும் உள்ளே தென்பட்டன. மேரி கண்டறிந்த இவ்வுண்மைகளைக் கொண்டு, அவை கல்லாகிப்போன விலங்கு மலம் என்னும் முடிவை ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் பக்லாண்ட் 1829ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறைந்துபோன விலங்குகள் எவற்றை உண்டு வாழ்ந்தன என்பதை அறிய அது வழிவகுத்தது.

1833ஆம் ஆண்டில் மேரி பாறையடியில் நின்றபோது பெருஞ்சரிவு ஒன்று நிகழ்ந்தது. எப்போதும் அவருடன் வரும் டிரே என்னும் நாய் அவருடைய கண்ணெதிரே அதில் புதைந்து மடிந்தது. சில அடி தொலைவில் நின்ற மேரி உயிர்பிழைத்தார். அத்துயரத்திற்குப் பின்னும் அவர் கடற்கரைக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

ஐரோப்பிய அறிஞர்கள் அவருடைய கடையைத் தேடி வந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி, மேரியிடம் கற்றுக்கொண்டவற்றை மதித்து, இரு தொல்மீன் இனங்களுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார். மேரி தம் பெயரில் எழுதி, அவர் வாழ்நாளில் அறிவியல் இதழில் அச்சேறியது ஒரேயொரு கடிதத்தின் பகுதிதான். அது 1839ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதிய வகையெனக் கருதப்பட்ட ஒரு தொல்சுறாவைப் பற்றியது அக்கடிதம். அதுபோன்ற படிவங்களைத் தாம் பல்லாண்டுகளுக்கு முன்னரே கண்டிருப்பதாக மேரி அதில் எழுதி, அறிஞர்களின் கருத்தைத் திருத்தினார்.

இறுதிக்காலம்

1830ஆம் ஆண்டில் மேரியின் நண்பரும் நிலவியல் அறிஞருமான ஹென்றி டி லா பெச், மேரி கண்டெடுத்த விலங்குகள் அனைத்தும் கடலில் உயிருடன் உலவுவதுபோன்ற ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதன் அச்சுப்படிகளை விற்ற பணம் மேரிக்கு உதவியாயிற்று. சில ஆண்டுகளில் மேரி தம் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தபோது, பக்லாண்டின் முயற்சியால் அவருக்கு ஆண்டுதோறும் 25 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது.

1847ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் நாள், தம் 47ஆம் வயதில், மேரி அன்னிங் புற்றுநோயால் உயிர்நீத்தார். நிலவியல் கழகத்தின் தலைவராக அப்போது விளங்கிய டி லா பெச் கழகக் கூட்டத்தில் அவருக்குப் புகழுரை ஆற்றினார். உறுப்பினராக ஏற்கப்படாத ஒரு பெண்ணுக்கு அக்கழகம் அளித்த அரிய சிறப்பு அது. கழக உறுப்பினர்கள் அளித்த பொருளுதவியால், 1850ஆம் ஆண்டில் லைம் ரீஜிஸ் தேவாலயத்தில் மேரியின் நினைவாக வண்ணக்கண்ணாடிச் சாளரம் அமைக்கப்பட்டது. அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919ஆம் ஆண்டில்தான். அதற்குள் மேரி மறைந்து 72 ஆண்டுகள் கடந்திருந்தன.

நிலைத்த பெயர்

2010ஆம் ஆண்டில் பிரித்தானிய ராயல் கழகம், அறிவியல் வரலாற்றில் பெரும்பங்காற்றிய பிரித்தானியப் பெண்மணிகள் பதின்மரின் பட்டியலில் மேரியின் பெயரைச் சேர்த்தது. பிறந்த ஊரில் அவருக்குச் சிலை இல்லையே என்று வருந்திய பள்ளிச்சிறுமி ஒருத்தி தன் தாயுடன் ஒரு முயற்சியைத் தொடங்கினாள். அம்முயற்சி கைகூடி, 2022ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், மேரியின் பிறந்தநாளிலேயே, சிலை திறக்கப்பட்டது. கையில் சுத்தியலுடன் கடலை நோக்கி நடப்பவராக மேரி அங்கு நிற்கிறார். அவருடைய நாய் டிரேயும் உடன் செல்கிறது.

ஜோசப் கண்ட மண்டையோடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. வார இறுதியில் அதே கடற்கரையில் குனிந்து நடக்கும் பிள்ளைகளுள் ஒருவர் சுருண்ட கல்லொன்றைக் கண்டு எடுக்கும்போது, அதன் பெயரையும் அதன் வயதையும் உடனிருப்போர் எளிதில் சொல்லிவிடுகின்றனர். அன்று மேரி அத்தகைய கல்லை எடுத்தபோது, அது என்னவென்று சொல்வதற்கு ஊரில் எவரும் இல்லை. தாமே பார்த்து, தாமே ஒப்பிட்டு, தாமே அறிந்துகொண்டார். அந்த அறிவைத்தான் உலகம் அவரிடமிருந்து பெற்றது. அவருடைய பெயரை அதனுடன் சேர்த்துச் சொல்ல மட்டும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

சொற்பொருள்

வயிற்றுப்பாடு – பிழைப்பு
விந்தை – வியப்பு
அறிந்திலர் – அறியவில்லை
ஐயம் – சந்தேகம்
வேட்கை – மிகுந்த விருப்பம்
சாளரம் – சன்னல்
பதின்மர் – பத்துப்பேர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. புதைபடிவம் எவ்வாறு உருவாகிறது?
2. குளிர்காலம் மேரியின் தொழிலுக்கு ஏற்ற பருவமாக இருந்தது ஏன்?
3. கூவியே மேரி அனுப்பிய படத்தைக் கண்டு ஐயுற்றதற்குக் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. பள்ளிக்கல்வியைப் பெரிதும் பெறாத மேரி, அறிஞர்களுக்கு இணையான அறிவை எவ்வாறு பெற்றார்?
2. 1824ஆம் ஆண்டுக் கூட்டத்தில் மேரிக்குக் கிடைத்தது யாது? கிடைக்காதது யாது?

இ. சேர்த்து எழுதுக.
1. கடல் + கரை
2. புதைபடிவம் + கடை
3. தொல் + உயிர்

ஈ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரில் கிடைக்கும் கல் ஒன்றை எடுத்து, அதன் நிறம், எடை, வடிவம், அதில் காணும் கோடுகள் ஆகியவற்றை உற்றுநோக்கி ஐந்து தொடர்கள் எழுதுக. அக்கல்லை அவ்வூரார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து, அதற்கு இணையான தமிழ்ச்சொல்லை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறிப்பிடுக.